மின் கட்டணமும் மின்தடைப் பழுதும்: எது மின்வாரியத்தின் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் உள்ள எங்கள் வீட்டில், ஒரு மே மாத மாலையில் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு பாதி வீட்டுக்கு மின்சாரம் இல்லை. கூடத்தில் விளக்கு எரிந்தது. சமையலறையும் மோட்டாரும் செத்துக் கிடந்தன. எங்களுடையது மும்முனை இணைப்பு என்பதால், மாமரக் கிளை உரசிக் கம்பத்தில் ஒரு பேஸ் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்று) போயிருக்கும் என்று நானே முடிவுகட்டி, புகாரைப் பதிந்துவிட்டு விடியும்வரை காத்திருந்தேன். காலையில் வந்த வயர்மேன் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சைத் திறந்து, உள்ளே வரும் மூன்று முனைகளிலும் டெஸ்டரை வைத்தார். மூன்றிலும் சிவப்பு ஒளி தெரிந்தது. வெளியே போகும் முனைகளில் ஒன்றில் மட்டும் ஒளி இல்லை. அந்த முனையின் திருகு தளர்ந்து, பித்தளை கறுத்து, கம்பியின் மேலுறை உருகி மெழுகுபோல் வழிந்திருந்தது. “இது வரைக்கும் எங்களுதுங்கய்யா, இதுக்கு மேல உங்களுது. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுக்குங்க” என்று டெஸ்டரின் நுனியால் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் காட்டியது ஏறக்குறைய இரண்டு அங்குல இடைவெளி. மின்தடை வந்தால் யாரை அழைப்பது, பழுதுக்கு யார் செலவழிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடு, கடை, தோட்டம் என எந்த இணைப்பு வைத்திருப்பவருக்கும் உதவும்படி, பழுதில் தொடங்கிக் கட்டணம் வரை அதை வரிசையாக விளக்குகிறேன்.

முதல் படி: எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்துகொள்வது

மின்சாரம் துணைமின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் பாதையில் புறப்பட்டு, உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, கம்பம் கம்பமாக வந்து, கடைசிக் கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர் வழியாக உங்கள் வீட்டு மீட்டரை அடைகிறது. நீங்கள் பொருத்தியிருக்கும் மெயின் சுவிட்சின் உள்வரும் முனைதான், விதிகளின்படி, மின்வழங்கல் தொடங்கும் இடம். அதற்கு முன்னால் இருக்கும் கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சர்வீஸ் வயர், மீட்டர், முத்திரையிட்ட ஃபியூஸ் கட்டை ஆகியவற்றைப் பராமரிப்பது மின்வாரியத்தின் கடமை. மின் உற்பத்தியையும் பகிர்மானத்தையும் சேர்த்துக் கவனித்த டான்ஜெட்கோ நிறுவனம் 2024-இல் பிரிக்கப்பட்ட பிறகு பகிர்மானத்தைக் கவனிக்கும் அமைப்பின் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறிவிட்டாலும், ஊரில் எல்லோரும் சொல்வதுபோல நானும் மின்வாரியம் என்றே எழுதுகிறேன்.

இதில் பலருக்கும் குழப்பம் தருவது சர்வீஸ் வயர். புதிய இணைப்பு வாங்கும்போது அதற்கான செலவை நாம்தான் கட்டுகிறோம். ஆகவே அது நம்முடைய சொத்து, அறுந்தால் நாமே வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். செலவை நாம் கட்டியிருந்தாலும் இணைப்பு கொடுத்தபின் அந்தப் பாதை மின்வாரியத்துக்கே உரியது; அதைப் பேணுவதும் அவர்களுடைய வேலை. ஆனால் அது நம் சுவரில், நம் கூரையின் கீழ் இருப்பதால் சேதமில்லாமல் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. மாடி கட்டும்போது சென்ட்ரிங் பலகையை வயர்மேல் சாய்த்து அறுத்துவிட்டாலோ, மீட்டர் பெட்டிமேல் தண்ணீர் ஒழுகவிட்டு மீட்டர் எரிந்தாலோ, அந்தச் செலவை நம்மிடம் வாங்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாம் படி: அழைப்பதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

மின்சாரம் நின்றதும் முதலில் வாசலுக்கு வந்து தெருவிளக்கையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் பாருங்கள். தெரு முழுவதும் இருட்டாக இருந்தால் அது பாதையிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ உள்ள கோளாறு. நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தமா என்பதை நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால், மெயின் சுவிட்சையும், மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்சுகளான எம்.சி.பி.க்களையும் பாருங்கள். ஏதேனும் ஒன்று கீழே விழுந்திருந்தால், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். குறிப்பிட்ட ஒன்று மட்டும் நிற்காமல் மறுபடி மறுபடி விழுந்தால், அந்தப் பாதையில் கசிவோ ஷார்ட்டோ இருக்கிறது என்று பொருள். அது எலக்ட்ரீஷியனின் வேலை.

எல்லாம் மேலே இருந்தும் மின்சாரம் இல்லையென்றால், மீட்டரின் திரையைப் பாருங்கள். திரையில் எண்கள் ஓடாமல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் மீட்டருக்கே மின்சாரம் வரவில்லை; பழுது மின்வாரியத்தின் பக்கம். திரை ஒளிர்ந்தும் வீட்டில் மின்சாரம் இல்லையென்றால் பழுது பெரும்பாலும் நம் பக்கம். மும்முனை இணைப்பில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனெனில் கம்பத்தில் ஒரு பேஸ் போனாலும் மீட்டரின் திரை ஒளிரும். என் வீட்டில் பாதி இருட்டானபோதும் பழுது எந்தப் பக்கம் என்று திரையைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. அந்த நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே வழி.

முத்திரையிட்ட ஃபியூஸ் கட்டையை நாமே கழற்றக் கூடாது. கம்பத்தில் ஏறக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் ஏபி சுவிட்சை நீளக் கம்பால் இழுத்துவிட்டுத் தாங்களே ஃபியூஸ் போடும் பழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் இருப்பதால் சொல்கிறேன். ஒருவர் ஃபியூஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் அறியாமல் சுவிட்சை மேலே தள்ளிவிட்டால் உயிர் போகும்.

விளக்கு சட்டென்று மிகப் பிரகாசமாகி, ஃபேன் வேகமெடுத்து, மறு அறையில் விளக்கு மங்கினால், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது வீட்டுக்கு 240 வோல்ட்டைவிட மிக அதிகமாக, ஏறக்குறைய 415 வோல்ட் வரைகூட வரக்கூடும். சோதனையெல்லாம் பிறகு, மெயினை உடனே அணைத்துவிடுங்கள். டி.வி., ஃபிரிட்ஜ் இரண்டையும் காப்பாற்றுவது அந்தச் சில நொடிகள்தான்.

மூன்றாம் படி: புகாரைப் பதிவது

பழுது மின்வாரியத்தின் பக்கம் என்று தெரிந்ததும், உங்கள் பிரிவு அலுவலகத்தை அழையுங்கள். அல்லது 2021 ஜூனில் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு எண் ஆகியவை அடங்கிய முழு எண்ணையும் கேட்பார்கள். அது மீட்டர் அளவைக் குறிக்கும் வெள்ளை அட்டையின் மேற்புறத்தில் இருக்கும். அதை மீட்டர் பெட்டிக்குள் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். இருட்டில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை வராது.

புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். லைன்மேனின் கைப்பேசிக்கு நேராகப் பேசுவது வேகமானதுதான். நம் ஊர்களில் அதுதான் நடக்கிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்த அழைப்புக்குப் பதிவேட்டில் இடம் கிடையாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டுச் செயல்திறன் விதிமுறைகள், ஃபியூஸ் போனது, பாதைக் கோளாறு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என ஒவ்வொன்றுக்கும், ஊரின் தன்மைக்கு ஏற்ப, சரிசெய்ய வேண்டிய கால அளவைத் தனித்தனியே வகுத்திருக்கின்றன. தாமதமானால் நுகர்வோருக்கு இழப்பீடும் உண்டு. மலைக் கிராமங்களான வத்தல்மலையிலும் சித்தேரியிலும் ஆகும் நேரமும் ஓசூர் நகரத்தில் ஆகும் நேரமும் ஒன்றாக இருக்க முடியாது என்பது அந்தப் பகுப்பிலேயே அடங்கியிருக்கிறது. அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது பதிவான புகாரிலிருந்துதான்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால் வீட்டுப் பழுதுபோல் வரிசையில் காத்திருக்கும் புகார் அல்ல அது; “கம்பி அறுந்து கிடக்கிறது” என்ற சொற்களோடுதான் அழைப்பைத் தொடங்க வேண்டும். பாதை அணைக்கப்பட்டது என்று உறுதியாகும்வரை மாட்டையும் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

நான்காம் படி: எந்தப் பழுதுக்கு யார் பணம் தருவது

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதை மாற்றும் செலவு முழுவதும் மின்வாரியத்தினுடையது. ஏற்றக்கூலி, இறக்கக்கூலி, வண்டி வாடகை என்று தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என வசூலித்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு விதிகளில் இடமில்லை. பயிர் வாடும்போது விதி பேசிக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் உதவி மின் பொறியாளருக்குக் கூட்டாக ஒரு மனு எழுதி, எந்தெந்த இணைப்புகள் பாதிக்கப்பட்டன என்பதைக் குறிப்பிட்டு, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிட்டால், மேலிடத்தில் கேட்க ஒரு காகிதம் கையில் இருக்கும். அதே டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கடி எரிந்தால், காரணம் பெரும்பாலும் அதன் திறனுக்கு மேல் மோட்டார்கள் ஓடுவது. அனுமதி பெற்ற குதிரைத் திறனைவிடப் பெரிய மோட்டாரை யாரேனும் இறக்கியிருந்தால் அதற்கான விலையை எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள். திறன் கூட்டக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுங்கள்.

மீட்டர் தானாகப் பழுதடைந்தால் மாற்றித் தருவது அவர்கள் வேலை. மீட்டர் பழுதாக இருந்த காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியைக் கொண்டு கணக்கிடுவார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த நான்கு மாதம் கோடையாக இருந்து, மீட்டர் பழுதானது ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் சராசரி உங்களுக்குப் பாதகமாகும். பயன்பாட்டுச் சூழல் வேறு என்று எழுத்தில் எடுத்துச் சொல்ல விதியே வழிவிடுகிறது. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற ஐயம் இருந்தால், கட்டணம் செலுத்திச் சோதனைக்கு அனுப்பக் கோரலாம்.

கம்பத்தை இடம் மாற்றுவது வேறு கணக்கு. வீட்டு வாசலுக்கு நேரே இருக்கும் கம்பத்தை நகர்த்தச் சொல்வதும், மனைமேல் போகும் பாதையைத் திருப்பச் சொல்வதும் பழுது அல்ல, நம் வசதிக்கான வேலை. அதற்கு மதிப்பீடு தயாரித்துத் தருவார்கள். முன்பணமாக நாம்தான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டும் தொகைக்கும், எந்த வேலைக்காக எவர் கேட்கும் எந்தத் தொகைக்கும், ரசீது வாங்குங்கள். ரசீது தர முடியாத தொகை கட்டணம் ஆகாது.

மரக்கிளை விஷயத்தில் பாதைக்கு அருகே வளர்ந்த கிளைகளை வெட்டுவது மின்வாரியத்தின் பராமரிப்பு வேலை. நம் மாமரத்தை நாமே வெட்டினாலும், முன்கூட்டியே சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய கிளை கம்பிமேல் விழுந்தால் சேதத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லையின் இந்தப் பக்கம் உள்ளவை, அதாவது மெயின் சுவிட்ச், எம்.சி.பி., வீட்டு வயரிங், எர்த் குழி, தோட்டத்தில் ஸ்டார்ட்டரும் மோட்டாரும் அதற்கான கேபிளும், முழுவதும் நம் செலவு. எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று புகார் கொடுப்பவர்கள் நம்மில் அதிகம்.

இதே எல்லைக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பதற்கும் பொறுப்பு நம்முடையதே. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. வேலிக்கு நேரடி மின்சாரம் கொடுப்பதை எந்த இணைப்பும் அனுமதிக்கவில்லை.

ஐந்தாம் படி: கட்டணத்தைப் படிப்பது

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் முதல் இது நடப்பில் இருக்கிறது. 2022 செப்டம்பர் திருத்தத்தில் வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணம், அதாவது பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை, நீக்கப்பட்டது. 2024 ஜூலைத் திருத்தத்தின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 2025 ஜூலையில் கட்டணம் 3.16 விழுக்காடு உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. வீதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. அடுக்குகள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் முக்கியம்.

ஒரு வீட்டில் 420 யூனிட் என்று வையுங்கள். முதல் 100-க்கு ஒன்றுமில்லை. அடுத்த 100-க்கு 235 ரூபாய். அதற்கடுத்த 200-க்கு 940. மீதி 20-க்கு 126. மொத்தம் 1,301 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் 8 ரூபாய்தான் கூடும் என்று நினைப்போம். ஆனால் 500-ஐத் தாண்டியவர்களுக்கு 101 முதல் 200 வரை இருந்த 2.35 என்ற சலுகை வீதம் போய், 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.70 ஆகிறது, 501-இலிருந்து 600 வரை 8.40. ஆக 501 யூனிட்டுக்கு ஏறக்குறைய 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். “போன தடவையும் இவ்வளவுதானே ஓடிச்சு, பில் மட்டும் ஏன் ஏறிச்சு?” என்று கேட்பவர்களில் பாதிப்பேரின் கதை இந்த ஒரு யூனிட்தான்.

அதனால்தான் கணக்கெடுத்த தேதி முக்கியமாகிறது. 60 நாளுக்குப் பதிலாக 68-ஆம் நாள் வந்து அளவெடுத்தால், கூடுதல் எட்டு நாளின் பயன்பாடு உங்களை 500-க்கு மேல் தள்ளிவிடலாம். வெள்ளை அட்டையில் முந்தைய தேதியையும் இந்தத் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; இடைவெளி அதிகமாக இருந்து அடுக்கும் மாறியிருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். 40-ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பார்த்துக் குறித்துவைப்பது நல்ல பழக்கம். மீதி இருபது நாளுக்கு ஏ.சி.யை எவ்வளவு ஓட்டலாம் என்று தெரிந்துவிடும்.

கட்டணத்தில் சில சமயம் கூடுதல் வைப்புத்தொகை என்றொரு வரி வரும். இது அபராதமும் அல்ல, கட்டணமும் அல்ல. இணைப்பு வாங்கியபோது கட்டிய வைப்புத்தொகை, இப்போதைய பயன்பாட்டுக்குப் போதுமா என்று வீடு, கடை போன்ற தாழ்வழுத்த இணைப்புகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், பற்றாக்குறையைக் கேட்கிறார்கள். அது நம் பணமாகவே இருக்கும். ஆண்டுதோறும் வட்டியும் வரவு வைக்கப்படும். வீடு கட்டும்போது தற்காலிக இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பப் பெறாமலே மறந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்; பழைய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள்.

கடை இணைப்பில் கணக்கு வேறு. அனுமதி பெற்ற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் உண்டு; கடையை இரண்டு மாதம் பூட்டி வைத்தாலும் அது வரும். நீண்ட நாள் பூட்டப்போகிறீர்கள் என்றால் அனுமதித் திறனைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்குக் கம்பி இழுத்தால் அது மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு போகும்.

கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். மறு இணைப்புக் கட்டணமும் சேரும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தக் கட்டணப் பட்டியலிலும் தொடர்ந்து காட்டப்படாத பழைய பாக்கிக்காகத் துண்டிக்க, அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள்

ஓசூர் சிப்காட் பகுதியைச் சுற்றி வாடகை அறைகளில் இருப்போருக்கு மின்வாரியத்தோடு நேரடித் தொடர்பு கிடையாது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், நம்மிடம் சப்-மீட்டர் அளவுப்படி பணம் வாங்குவார். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழுது பற்றி, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணை தெளிவாக இருக்கிறது: வயரிங்கும் அதன் பராமரிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு, சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைத் தகராறு எதுவானாலும் மின்சாரத்தைத் துண்டித்து வெளியேற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை.

கடைசிப் படி: கேட்டும் நடக்கவில்லை என்றால்

பிரிவு அலுவலகத்தில் உதவி மின் பொறியாளர், அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் என்பது வரிசை. கோட்ட அலுவலகங்களில் மாதந்தோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. தேதி நாளிதழில் வரும். பெரும்பாலான கட்டணத் தகராறுகள் அங்கேயே முடிகின்றன, காரணம் மிக எளிது: பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரி எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அங்கும் தீராவிட்டால், மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் அமைந்துள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுத்தில் மனு கொடுக்கலாம். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனி வட்டங்கள் இருப்பதால், உங்கள் இணைப்பு எந்த வட்டத்தில் வருகிறதோ அங்கேயே கொடுக்க வேண்டும்; வழக்கறிஞர் தேவையில்லை. மன்றத்தின் ஆணையில் நிறைவில்லை என்றால், ஆணை கிடைத்த 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நியூட்ரல் அறுந்து ஃபிரிட்ஜ் எரிந்ததற்கான இழப்பீட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கோரலாம். அங்கே எரிந்த பொருளின் பழுது மதிப்பீட்டுச் சீட்டும், அன்றைய புகார் எண்ணும், அதே நாளில் பக்கத்து வீடுகளிலும் பொருள்கள் எரிந்தன என்பதற்கான சான்றும்தான் வழக்கைத் தாங்கும். எந்த இடத்துக்குப் போனாலும் வெள்ளை அட்டையின் இரு பக்கங்களின் நகல், கட்டிய ரசீதுகள், புகார் எண்கள், ஒப்புகை முத்திரையுள்ள மனு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, மூலங்களைக் கையில் வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கொடுங்கள்.